சொல்லத் தகுந்தவர் நண்பரே!



முதல்லயே என் சங்கடத்தைச் சொல்லிடறேன். தலைப்பு என்ன? ‘கல்லூரி மாணவர்களுக்குப் பாலியல் நலம் பற்றி எடுத்துச் சொல்லத் தகுந்தவர் பெற்றோரா, ஆசிரியரா, நண்பரா?’ நான் இருபத்தெட்டு வருஷமா வாத்தியார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இப்படிப்பட்ட ஆளைக் கொண்டுவந்து ‘நண்பரே’ என்கிற அணியில் உட்கார வைத்துவிட்டார் நடுவர். கிளம்பும்போது வீட்டில் கேட்டாங்க, “இன்னிக்கு என்ன தலைப்பு?” சொன்னேன். “நீங்க எந்தக் கட்சி?” சொன்னேன். “அப்ப அப்பாவாகவும் தோத்து, வாத்தியாராகவும் தோத்துட்டு வரப் போறீங்க”ன்னாங்க. (சிரிப்பு)

தோற்பதற்குத்தான் வந்திருக்கிறேன் ஐயா. நான் ஒரு தடவை தோற்ற கதையைச் சொல்லத்தான் இந்த அணியில் உட்கார ஒத்துக்கிட்டேன். கதைக்கு அப்புறம் வர்றேன்.

அதற்கு முன்னால், அந்த அணியில் பேசின சகோதரிக்கு ஒரு பதில். “பெத்தவளுக்குத் தெரியாததா? பத்து மாசம் சுமந்தவ சொல்லாம வேற யாரு சொல்றது?” என்று கேட்டார்கள். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் வீட்டுக்குள்ளே வந்து பாருங்க. நம்ம வீடுகளில் கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே என்ன நடந்தாலும் அதற்கு ஒரே பேர்தான். ‘வயித்து வலி.’ (சிரிப்பு) பொண்ணு மாதவிலக்கில் சுருண்டு படுத்திருந்தா, அவளுக்கு வயித்து வலி. வெள்ளைப்படுதுன்னா அதுவும் வயித்து வலி. தம்பி கேட்கிறான், “அக்கா ஏன் இன்னிக்குக் கோயிலுக்கு வரலை?” “அவளுக்கு வயித்து வலிடா.” அவன் என்ன நினைக்கிறான்? மாசா மாசம் அக்கா எதையோ திருட்டுத்தனமா வாங்கித் திங்கறா போலிருக்குன்னு நினைக்கிறான்! கடையில் அந்தப் பொட்டலத்தைக் கொடுக்கும்போது பாருங்க. அரிசியைக் கொடுக்கிறான், பருப்பைக் கொடுக்கிறான், எல்லாம் வெளியே தெரிய. இதை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பைக்குள் போட்டு, ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி கையில் திணிக்கிறான்.

சினிமாவில் ஒரு முத்தக் காட்சி வந்தாலே நம்ம வீட்டு அப்பாவுக்குத் தாகம் எடுத்துடும். எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவார். அம்மாவுக்கு அடுப்பில் என்னமோ வச்ச ஞாபகம் வந்துடும். பையன் செல்போனை எடுத்துக்குவான். மூணு பேரும் மூணு பக்கம் போன வீட்டில், பாலியல் நலத்தை யார் யாருக்கம்மா சொல்றது? இந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறபோதே எத்தனை வீட்டில் ரிமோட்டைத் தேடப் போறாங்களோ!

சரி, ஆசிரியர் அணிக்கு வருவோம். என் சொந்தக் கட்சி. “பாடத்திட்டத்தில் வைத்தால் போதும், நாங்கள் நடத்திவிடுவோம்” என்றார் நண்பர். ஐயா, பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் வச்சாங்களே, அதை எத்தனை பேர் நடத்தினோம்? “இது சுலபமான பாடம், வீட்டில் படிச்சுக்குங்க”ன்னு தாண்டிப் போனவங்க எத்தனை பேர்? அறிவியல் வாத்தியாரை ஏன் சொல்றேன், என்னையே சொல்றேன். தொல்காப்பியத்தில் களவியல் நடத்துறேன். இயற்கைப் புணர்ச்சி என்று ஒரு துறை வரும். அந்த இடம் வந்தா எனக்குத் தொண்டை கட்டிக்கும். பிள்ளைகளைப் பார்க்க மாட்டேன். திரும்பிக் கரும்பலகையில் எழுத ஆரம்பிச்சுடுவேன். அந்த ஒரு மணி நேரமும் முதுகாலேயே பாடம் நடத்தியிருக்கேன். (சிரிப்பு) எனக்குப் பின்னால் நாற்பது பேர் சிரிக்கிறது காதில் விழும். ஆனா திரும்ப மாட்டேன்.

வாத்தியார்கள் மட்டுமில்லை, அரசாங்கங்களே முதுகைக் காட்டியிருக்கு. 2005-இல் மத்திய அரசு பள்ளிகளுக்கு வளரிளம் பருவக் கல்வி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பல மாநிலங்கள் ‘எங்கள் பண்பாட்டுக்கு ஒத்துவராது’ என்று நிறுத்தி வைத்தன. ஆக, பள்ளிக்கூடத்தில் சொல்லலை, வீட்டில் சொல்லலை, பையன் பதினேழு பதினெட்டு வயசில் கையில் ஒரு பெட்டியோடு கல்லூரி விடுதிக்கு வந்து நிற்கிறான். பெட்டியில் முறுக்கு இருக்கு, ஊறுகாய் இருக்கு. தலைக்குள்ளே இந்த விஷயத்தில் ஒண்ணுமே இல்லை. இருந்தாலும் தப்புத் தப்பா இருக்கு.

இப்போ அந்தக் கதை.

2002-ஆம் வருஷம். நான் ஒரு கல்லூரியில் ஆண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளர். புதுசா முனைவர் பட்டம் வாங்கின மிடுக்கு வேற. இரண்டாம் ஆண்டில் ஒரு பையன். அப்பா விவசாயக் கூலி. அந்தக் குடும்பத்திலேயே முதல் முதலில் கல்லூரி வாசலை மிதிச்ச பிள்ளை. ராத்திரி நான் ரோந்து போவேன். பன்னிரண்டு மணிக்குப் போனா, வராந்தாவில் டியூப் லைட்டுக்குக் கீழே இந்தப் பையன் புத்தகத்தை மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். இரண்டு மணிக்குப் போறேன், அப்பவும் உட்கார்ந்திருக்கான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மாசக் கணக்கா. எனக்குப் பெருமை தாங்கலை. விடுதிக் கூட்டத்தில் அவனை எழுப்பி நிறுத்தி, “பாருங்கடா, படிச்சா இவனை மாதிரி படிக்கணும்”ன்னு எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். தட்டினாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அடக்கம்னு நினைச்சேன்.

அந்தப் பருவத் தேர்வில் அஞ்சு பேப்பர். அஞ்சும் போச்சு.

கூப்பிட்டுக் கேட்டேன். “ஒண்ணுமில்லைங்கய்யா.” கன்னம் ஒட்டிப் போயிருந்தது. “மனசை ஒருமுகப்படுத்து, அதிகாலையில் எழுந்திரு, குறள் படி”ன்னு என் மேசையில் இருந்த திருக்குறளை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். வள்ளுவர் என்ன பாவம் பண்ணினாரோ, நமக்கு என்ன சொல்றதுன்னு தெரியாதபோதெல்லாம் அவரைத்தான் முன்னால் அனுப்பறோம்.

உண்மை என்னன்னா, அவன் படிக்கவே இல்லை. தூங்கப் பயந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். தூங்கினா, தூக்கத்தில் விந்து வெளியேறிடும். வெளியேறினா நரம்பு தளர்ந்துடும், கல்யாணம் பண்ண முடியாது, குழந்தை பிறக்காது, ஒரு சொட்டு நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம்... இதெல்லாம் யார் சொன்னது? பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் சொன்னது. ‘இளமையில் செய்த தவறால் வாழ்க்கையை இழந்தவரா? மாதம் இரண்டு நாள், இன்ன லாட்ஜ், இன்ன அறை எண்.’ போயிருக்கான். மெஸ் பணம், பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணம், அப்புறம் ஊருக்குப் போய் ஏதோ பொய் சொல்லி அம்மா காதில் இருந்ததை வித்து வாங்கிட்டு வந்த பணம், எல்லாம் அந்த அறையில் லேகிய டப்பாவா மாறியிருக்கு.

நடுவர் அவர்களே, 1954-லேயே இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்து சட்டம் போட்டாச்சு. 1960-லேயே டாக்டர் நரேந்திரநாத் விக் என்கிற நம் நாட்டு மனநல மருத்துவர் இந்தப் பயத்துக்கு ‘தாது நோய்க்குறி’ என்று பேர் வச்சு எழுதிட்டார். தாது போகுதே, போகுதேன்னு இளைஞர்கள் உருகிப் போறாங்களே, அந்தப் பயம்தான் அங்கே வியாதின்னு மருத்துவ உலகத்துக்குத் தெரிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு. சட்டத்துக்குத் தெரியும், மருத்துவத்துக்குத் தெரியும். அந்த டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத்தான் தெரியாது. பருவம் வந்த உடம்பில் விந்து சுரந்துக்கிட்டே இருக்கும், தூக்கத்தில் தானா வெளியேறுவது உடம்பின் இயல்பு, அதனால் எந்தப் பலவீனமும் வராது. இவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷம் ஒரு வருஷமா அவனுக்குக் கிடைக்கலை.

ஒரு ராத்திரி அவன் அறையில் இல்லை. கூட இருந்தவன் தேடிக்கிட்டுப் போயிருக்கான். கூட இருந்தவன் யார் தெரியுமா? விடுதியிலேயே பெரிய வால். நாலு அரியர். அவன் தொல்லை தாங்காமத்தான், இரண்டு நாளாவது கண்ணில் படாம இருக்கட்டும்னு, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பேர் கொடுத்து நான் அனுப்பி வச்சேன். 1991-இல் இருந்து பல்கலைக்கழகங்களில் எய்ட்ஸ் பற்றி மாணவர்களே மாணவர்களுக்குப் பேசணும்னு நாட்டு நலப்பணித் திட்டம் வழியா ஒரு ஏற்பாடு நடந்தது. அந்தப் பயிற்சிதான் அது. நான் தண்டனையா நினைச்சு அனுப்பினேன். அவன் அங்கே போய்ப் படிச்சுட்டு வந்திருக்கான்!

ரயில் நிலையத்தில், நடைமேடைக் கடைசி பெஞ்சில் கண்டுபிடிச்சிருக்கான். அந்த நேரத்தில் அந்தப் பையன் அங்கே எதுக்குப் போனான்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேட்கலை.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கான். அரை மணி நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம் இவன் அழுதுக்கிட்டே சொல்லியிருக்கான். எல்லாத்தையும். அதுக்கு அந்த வால் சொன்ன பதில் என்ன? “எனக்குந்தான்டா ஆகுது. மூணாம் நம்பர் ரூம்காரனுக்கும் ஆகுது. விடுதியில் எல்லாருக்கும் ஆகும்டா.”

ஐயா, ‘எனக்குந்தான்டா’! இந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல முடியுமா? முனைவர் பட்டம் வாங்கியிருக்கேன், சொல்ல முடியுமா? அவனைப் பெத்த அப்பா சொல்வாரா? பெரிய டாக்டர் ‘இது இயல்பு’ன்னு சொல்லலாம், அது அறிவு. ‘எனக்குந்தான்டா’ன்னு சொல்ல அதே வயசு வேணும், அதே அறையில் அதே பாயில் படுத்திருக்கணும். (நீண்ட கைதட்டல்)

விடிஞ்சதும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். டாக்டர் பரிசோதிச்சுட்டு, உனக்கு ஒண்ணுமில்லை, நல்லா சாப்பிடு, நல்லா தூங்குன்னு அனுப்பிட்டார். அதுக்கு அப்புறம்தான் அந்த வால் என்கிட்ட வந்தான். வந்து முதல் வார்த்தை என்ன சொன்னான் தெரியுமா? “ஐயா, அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் உங்ககிட்ட இதைச் சொல்றேன்.”

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். இதைத்தானே நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துறேன்! சங்க அகப்பாடல்களில் தோழி என்று ஒருத்தி வருவாளே, யார் அவள்? செவிலித் தாயின் மகள்தான் தோழி என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கு. தலைவியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், ஒரே வயசுக்காரி. தலைவி மெலிஞ்சு போனா வீட்டில் என்ன பண்றாங்க? முருகன் அணங்கிட்டான்னு வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்தறாங்க. ஆடு வெட்டறாங்க. அந்தக் காலத்து லாட்ஜ் வைத்தியம்! (சிரிப்பு) பெத்த தாய்க்குக் காரணம் தெரியாது. தோழிக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருக்காளா? இல்லை. அறத்தொடு நிற்கிறாள். தலைவி தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் சொல்ல, படிப்படியா மேலே போகும். அதைத் ‘தட்டிவிடுறது’ன்னோ ‘கோள் சொல்றது’ன்னோ இலக்கணம் சொல்லலை. அறத்தோடு நிற்கிறதுன்னு பேர் வச்சிருக்கு. எதிரணி நண்பர்களே, உங்களை நாங்க வேண்டாங்கலை. நீங்க செவிலி, நீங்க நற்றாய். உங்ககிட்ட வர்றதுக்கு முதல் படி தோழி. அந்தப் படியை எடுத்துட்டா பிள்ளை உங்ககிட்ட வரவே வராது.

“கூட்டாளிகள்தானே கெடுக்கிறதே! செல்போனில் கண்டதையும் அனுப்புறது யாரு? நண்பன்தானே?” என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. வள்ளுவரே நட்புக்கு ஒரு அதிகாரம் போட்டவர், அதோடு நிறுத்தாமல் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று அடுக்கிக்கொண்டே போறார். அதனால்தான் ஐயா நான் ‘எந்த நண்பனும்’னு சொல்லலை. பயிற்சி வாங்கின நண்பன். வெறும் நண்பன் ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான், நீங்களும் நானும் தடுக்க முடியாது. சொல்றதைச் சரியா சொல்லக் கத்துக்கொடுங்கன்னுதான் கேட்கிறேன்.

பயிற்சின்னா என்ன? எங்க ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்து முகாமுக்குப் போயிருந்தேன். பல பேருக்கு அது செஞ்சிலுவைச் சங்கமா, செஞ்சுருள் சங்கமான்னே தெரியாது. ஒரு பையன், “ரத்தம் கொடுத்தா பழச்சாறு தருவாங்கன்னு சேர்ந்தேன் ஐயா”ன்னான். அங்கே ஒரு விளையாட்டு. முப்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி. ஒரே ஒரு டம்ளரில் மட்டும் தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. யாருக்கும் தெரியாது. பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி. ஜோடி ஜோடியா நின்னு, தண்ணியை ஒண்ணா ஊத்திக் கலந்து பாதிப் பாதியா எடுத்துக்கணும். இப்படி மூணு தடவை, வேற வேற ஆளோட. கடைசியில் நடத்தின பொண்ணு ஒவ்வொரு டம்ளரிலும் கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டுக்கிட்டே வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா என்ன ஆகும்? ஆரத்தி! எட்டு டம்ளர் சிவந்து போச்சு. ஒண்ணு இருந்த இடத்தில் எட்டு. ஒரு பையன் ஜோடி சேராமல் தன் டம்ளரைக் கையால் மூடிக்கிட்டு ஓரமா நின்னான். அவனோடது மஞ்சளாவே இருந்தது.

எல்லாரும் கத்தறாங்க, “முதல்ல சுண்ணாம்பு யார்கிட்ட இருந்துச்சு? கண்டுபிடி, கண்டுபிடி!” அந்தப் பொண்ணு, பி.காம். மூணாம் வருஷம், இருபது வயசு இருக்கும், கையை உயர்த்திச் சொன்னது: “அது யாருன்னு தேடுறதுக்காக இந்த விளையாட்டு இல்லை. அவங்களுக்கே தெரியாது.” கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு. அப்புறம் சொன்னது, கை குலுக்கினா வராது, ஒரே தட்டில் சாப்பிட்டா வராது, கொசு கடிச்சா வராது. எச்.ஐ.வி. இருக்கிறவங்க மருந்தை ஒழுங்கா எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. அவங்களை வேலையிலோ படிப்பிலோ ஒதுக்கறதை 2017-ஆம் வருஷச் சட்டம் தடை செய்யுது. ஆபத்தான தொடர்பு ஏற்பட்டிருந்தா 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனா தடுப்பு மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், யாருக்கும் சொல்ல மாட்டாங்க. சந்தேகம்னா 1097-க்குப் போன் பண்ணலாம். ஐயா, இதில் பாதி எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

முகாமில் ஒரு அட்டைப் பெட்டி வச்சிருந்தாங்க. பேர் எழுதாம கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். சாயங்காலம் பிரிச்சபோது கூட இருந்தேன். பாதிச் சீட்டில் எழுத்து கோணல் மாணலா இருக்கு. ஏன்னு கேட்டா, கையெழுத்து தெரிஞ்சுடக் கூடாதுன்னு இடது கையால் எழுதியிருக்காங்க! அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ பண்ணிச்சு. அந்த நாட்களில் ஊறுகாயைத் தொட்டா கெட்டுப் போகுமான்னு ஒரு சீட்டு. எனக்கு மூணு மாசமா வரலை, கல்யாணமாகாத பொண்ணு பெண் டாக்டரைப் பார்க்கப் போனா தப்பா நினைப்பாங்களான்னு ஒரு சீட்டு. இன்னொண்ணு: ‘போட்டோ அனுப்பச் சொல்றான். அனுப்பலைன்னா நம்பலைன்னு அர்த்தம்ங்கிறான். நான் என்ன செய்ய?’ இந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணு எங்கேயாவது துறைத்தலைவர் அறைக் கதவைத் தட்டுமா? அப்பாகிட்டக் காட்டுமா? காட்டின மறுநாள் படிப்பு நிக்கும், அது அதுக்குத் தெரியும். மறுநாள் காலையில் இரண்டு மாணவிகள் மேடையில் நடிச்சே காட்டினாங்க. வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம், அதைச் சொன்னதுக்காகப் பிரிஞ்சு போறவன் போகட்டும், மிரட்டினா 181-க்கு அழைக்கலாம். வகுப்பில் ஒழுக்கம்னு நான் பத்து வருஷம் சொன்னதை அதுங்க பத்து நிமிஷத்தில் ‘மறுக்கிறதுக்கு உனக்கு உரிமை இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சுங்க.

பயிற்சியில் முதல் பாடம் என்ன தெரியுமா? ‘எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்’னு சொல்லப் பழகுறது. (சிரிப்பு) சிரிக்காதீங்க, நாங்க பேராசிரியர்கள் பணி ஓய்வு பெறுகிற வரைக்கும் கத்துக்காத பாடம் அது! மருந்து பேர் சொல்லக் கூடாது, வைத்தியம் பார்க்கக் கூடாது, கேட்ட ரகசியத்தை விடுதியில் பரப்பக் கூடாது. ஆனா ஒரு இடத்தில் ரகசியம் காக்கவும் கூடாது. முதலாண்டு பிள்ளைக்குப் பதினேழு வயசு இருக்கலாம். பதினெட்டு நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்சா, 2012-ஆம் வருஷ போக்சோ சட்டப்படி சொல்லியே ஆகணும். அது தோழி தனியா சுமக்கிற பாரம் இல்லை. அங்கே செவிலி வேணும். பக்கத்திலேயே ஒரு பேராசிரியர், ஒரு மருத்துவர் இருக்கணும். வெறுமனே இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் குத்திவிட்டு, போட்டோ எடுத்து, அறிக்கை அனுப்புகிற கல்லூரிகளைப் பற்றி நான் பேசலை. அப்படியும் இருக்கு, நடுவருக்குத் தெரியும்.

எதிரணி கேட்கும், வெளிநாட்டில் இது பலிச்சுதான்னு. மறைக்கலை. இங்கிலாந்தில் 27 பள்ளிகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை வச்சுச் சின்ன வகுப்புக்கு இந்தக் கல்வியைக் கொடுத்துப் பார்த்தாங்க. 2004-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பிள்ளைகளுக்கு வாத்தியார் நடத்தினதைவிட இது பிடிச்சிருந்தது. ஆனா அதே பிள்ளைகளுக்கு இருபது வயசு ஆனபோது, கருக்கலைப்புக் கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஒத்துக்கிறேன். ஆனா அங்கே நடந்தது எத்தனை வகுப்பு? மூணு. மூணு மணி நேரம் பேசிட்டுப் போறவன் விருந்தாளி. நான் கேட்கிறது நாலு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவனை.

“இளவட்டத்துக்குப் பொறுப்பு ஏது?” என்றும் கேட்டார்கள். 1986-இல் நம் நாட்டில் எச்.ஐ.வி. இருக்கு என்பதை முதன்முதலில் கண்டுபிடிச்சது சென்னையில். ‘நம்ம ஊர்ல, நம்ம பண்பாட்டில் அதெல்லாம் வராது’ன்னு பலரும் நம்பின காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் ‘ஆராய்ச்சிக்கு இதை எடும்மா’ன்னு சொல்ல, நிர்மலா என்கிற மாணவி தயங்கித் தயங்கி எடுத்தாங்க. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய், பேசி, ரத்த மாதிரி சேகரிச்சாங்க. வேலூரில் சோதிச்சபோது ஊர் வாய் அடைச்சுப் போச்சு. ஆசிரியர் அணி கைதட்டுது, ‘சொன்னது பேராசிரியர்’னு. தட்டுங்க. சொன்னது பேராசிரியர், போனது மாணவி. அதைத்தானே நானும் சொல்றேன், வழியைக் காட்டுங்க, போறதுக்கு அவங்களை விடுங்க.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம் ஐயா, அந்தப் பையனைப் பாதியில் விட்டுட்டேன்.

அவன் தேறினான். அரியர் எல்லாம் முடிச்சு, இப்போ ஒரு மாவட்டத்தில் அரசுப் பணியில் இருக்கான். நாற்பது வயசு தாண்டியாச்சு. போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்குப் போன். “ஐயா, என் பையன் காலேஜ் முதல் வருஷம் விடுதியில் சேர்ந்திருக்கான். லீவுக்கு வந்தவன் ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். கேட்டா ஒண்ணுமில்லைங்கிறான். படிக்கிறானா, இல்லை...” மேலே பேச முடியலை அவனால். “நீயே உட்கார்ந்து கேளேன்பா, உனக்குத் தெரியாததா?”ன்னேன். “வாய் வரமாட்டேங்குதுங்கய்யா”ன்னான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசலை. அப்புறம் நான் கேட்டேன், “விடுதியில் அவன் கூடத் தங்கியிருக்கிற பையன் யாரு? நம்பர் இருக்கா?”